பட்டாவுக்கு வரும் பணம்



பி.எம். கிசான் திட்டம் ஆண்டுக்கு 6000 ரூபாய் தருகிறது; 2000 வீதம் மூன்று தவணை. யாருக்கு? உழுகிறவருக்கு அல்ல, பட்டாவில் பெயர் உள்ளவருக்கு. 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்பதே கணக்கு. அதற்குப் பின் நிலம் வாரிசாக வந்தால் பணம் உண்டு. கூலிக் காசைச் சேர்த்து அரை ஏக்கர் வாங்கினால் இல்லை என்று விதித்தார்கள். அப்பன் சொத்து உள்ளவனே விவசாயி என்று இதைவிடப் பச்சையாகச் சொல்ல முடியுமா?

ஓசூர்ப் பக்கம் ரோஜாப் பசுமைக்குடிலில் மருந்தடிப்பவர், ராயக்கோட்டையில் தக்காளி பறிக்கும் அக்கா, வாய்ப்பேச்சுக் குத்தகையில் ராகி விதைப்பவர் எவரும் இந்தக் கணக்கில் விவசாயி இல்லை. சேரியின் கைக்கு நிலமே போகாமல் பார்த்துக்கொண்ட ஊரில் பட்டா கேட்பது சாதி கேட்பதுதான்.

போன கொஞ்சமும் தங்கவில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு, 1892 அரசாணையால் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. பிறருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. இன்று அதில் எவ்வளவோ பிறர் பட்டாவில் இருக்கிறது. அந்தப் பட்டாக்களுக்கும் தவணை போகிறதா? கிராமவாரிப் பயனாளிகள் பட்டியல் இணையத்தில் கிடைக்கிறது. பழைய அ-பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குவோம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் வேலையை மாணவத் தோழர்கள் தங்கள் ஊரிலிருந்து தொடங்க வேண்டும்.