ஒலிப்பதிவு கற்கும் தமிழர்க்கு



1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமாகிய 'காளிதாசு' படத்திலேயே தெலுங்கும் கலந்தொலித்தது. திரைத்தமிழைக் காக்கும் பொறுப்பை உரையாடல் எழுதுவோர்க்கே விட்டுவிட்டோம். காதில் ஒலிகேட்பான் மாட்டிப் பதிவுப்பொறி முன் அமர்ந்திருப்பவரை மறந்தோம். நடிகர் 'வாழை'யை 'வாளை' என்றால் (மரம் மீனாகிவிடும்!) மீண்டும் சொல்லுக எனத் தடுக்கும் வாய்ப்பு முதலில் அவர்க்கே உண்டு.

தொழிலுள் இறங்கினால் அங்கும் இலக்கணமே எதிர்ப்படும். பகரம் இதழிரண்டும் பொருந்திப் பிறப்பது. அம்மூச்சு நேரே ஒலிவாங்கியில் மோதினால் இடிப்போசை பதிவாகும். ஆகவே அதனை வாய்க்கு நேரே வையாது சற்றே விலக்கி வைக்க. ஒலியை வெட்டி ஒட்டுமிடத்தும் அப்படியே. 'பக்கம்', 'பட்டம்' எனச் சொல்லிப் பாருங்கள். வல்லினம் வெடிக்குமுன் வாயடைத்து நிற்கும் நுண்ணமைதி ஒன்று உண்டு. அங்கு வெட்டினால் ஒட்டுத் தெரியாது. உயிரொலியின் நடுவே வெட்டினால் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். படப்பிடிப்பு முடிந்ததும் அனைவரையும் வாய்மூடச் செய்து, அவ்விடத்து வெற்றமைதியையும் அரை மணித்துளி பதிவு செய்க. அமைதியும் இடத்துக்கிடம் வேறு. ஒட்டுகளின் இடைவெளியை நிரப்ப அதுவே உதவும்.

பிறப்பியலை நெட்டுருச் செய்த நீங்கள் இக்கருவிகளைக் கண்டு ஏன் ஒதுங்குகிறீர்கள்? அடுத்த திங்கள் கூடும்போது ஒவ்வொருவரும் ஒரு பக்க உரையைப் பதிந்து, வெட்டி ஒட்டிக் கொணர்க. ஒட்டிய இடம் எம் செவிக்குப் புலப்படுகிறதா, பார்ப்போம்.