வாயுள்ள பிள்ளை பிழைக்கும்
(வெள்ளிவிழாப் பெற்றோர் அரங்கில் ஆற்றிய உரை)

 

குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். ஏறத்தாழ 30 ஆண்டுகளாக அரசுப் பள்ளிகளில் பணியாற்றி வருபவர் என்பதால், இதைப் பேசும் தகுதி நமக்கு உண்டென்று அவர்கள் கருதியிருக்கலாம். பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர்களும் தம் பிள்ளை வளர்ப்பில் தவறுவதுண்டு. அவ்வாறு தவறியவர்களுள் நாமும் ஒருவர். அத்தவற்றையும் மறைக்காமல் சொல்வதே இந்த அவைக்கு நாம் செய்யும் மரியாதை என்று எண்ணுகிறோம்.

ஆண்டுதோறும் மாணவர் சேர்க்கையின்போது தலைமையாசிரியர் அறையில் ஒரு காட்சியைக் காண்கிறோம். ஆறாம் வகுப்பில் சேர வந்த சிறுவனை அருகழைத்து, "தம்பி, உன் பெயர் என்ன?" என்று கேட்கிறோம். தாயார் விடை சொல்கிறார். "எந்த ஊர்?" என்கிறோம். தந்தையார் சொல்கிறார். "உனக்கு எந்தப் பாடம் பிடிக்கும்?" என்றால், இருவரும் ஒரே குரலில், "கணக்குங்க ஐயா" என்கின்றனர். பிள்ளையோ மேசைமீதுள்ள காகிதத்தைப் பார்த்தபடி நிற்கிறான். அவன் பெயர் விண்ணப்பத்திலேயே இருக்கிறது. நாம் கேட்டது அவன் பெயரைத் தெரிந்துகொள்வதற்காக அன்று. அவன் குரலைக் கேட்பதற்காக.

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. எல்லார்க்கும் பொதுவான பழமொழிதான். ஆனால், நம் மக்களுக்கு அதன் பொருள் இன்னும் ஆழமானது. நம் பாட்டனார்கள் தோளில் இருந்த துண்டை இடுப்பில் கட்டி, வாயைப் பொத்தி நின்றவர்கள். அவர்களுக்காகப் பிறர் பேசினார்கள். அவர்களுக்காகப் பிறர் எழுதினார்கள். எழுதியது இன்னதென்று அறியாமலே அவர்கள் கைந்நாட்டு வைத்தார்கள். நிலமும் கூலியும் போயின என்பது மட்டுமன்று. தம் காரியத்தைத் தாமே பேசும் உரிமையும் போயிற்று. அவ்வுரிமையை மீட்பதற்காகவே நம் தலைவர்கள் பாடுபட்டார்கள். அப்படி மீட்ட குரலை, அன்பு மிகுதியால் நாமே நம் பிள்ளைகளிடமிருந்து பறித்துக்கொள்ளலாமா என்பதே இன்றைய நம் கேள்வி.

அண்ணல் அம்பேத்கர் தம் இளமை நினைவாக எழுதிவைத்துள்ள ஒரு நிகழ்ச்சியை இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். ஆண்டு 1901. அவருக்கு வயது 9. தந்தையார் கோரேகாவ் என்னும் இடத்தில் காசாளர் வேலையில் இருந்தார். பிள்ளைகள் சதாராவில் இருந்தனர். கோடை விடுமுறைக்கு வருமாறு தந்தையார் அழைக்க, அண்ணலும் அவர் தமையனாரும் தமக்கையின் மைந்தர் ஒருவருமாகப் பெரியோர் துணையின்றிப் புகைவண்டி ஏறினர். வருவதை அறிவித்து அவர்கள் எழுதிய கடிதம் தந்தையார் கைக்குப் போய்ச் சேரவில்லை. மசூர் நிலையத்தில் இறங்கிய பிள்ளைகளை அழைத்துச் செல்ல ஒருவரும் வரவில்லை. நல்லுடை அணிந்திருந்த சிறுவர்களிடம் பரிவோடு விசாரித்த நிலையத் தலைவர், சாதியை அறிந்ததும் முகம் மாறி விலகினார். வண்டிக்காரர் எவரும் ஏற்றிச் செல்ல இசையவில்லை. பிள்ளைகள் இரட்டைக் கூலி தருவார்கள், வண்டியை அவர்களே ஓட்டுவார்கள் என்று நிலையத் தலைவர் பேசிய பிறகே ஒருவர் இசைந்தார். வண்டிக்காரர் உடன் நடந்து வர, பிள்ளைகள் வண்டியை ஓட்டினர். கையில் உணவு இருந்தது. குடிக்கத் தண்ணீர் தருவாரில்லை. இரவெல்லாம் அஞ்சிக் கிடந்து மறுநாளே தந்தையாரைச் சென்றடைந்தனர்.

அந்தக் குழந்தைகள் அப்படித் துன்புற்றது நியாயம் என்றோ, துன்பமே அறிவூட்டும் என்றோ நாம் சொல்ல வரவில்லை. அக்கொடுமை நடந்திருக்கவே கூடாது. ஆயினும், அவ்வேளையில் அவர்களைக் கரை சேர்த்தவை எவை என்று எண்ணிப் பாருங்கள். ஆங்கே அவர்களுடன் வந்த பெரியவர் எவரும் இல்லை. கேட்டதற்கு விடை சொல்லத் தெரிந்தது. பணத்தை எண்ணிக் கொடுக்கத் தெரிந்தது. மாட்டை ஓட்டத் தெரிந்தது.

நம் தமிழ் மண்ணிலும் சான்று உண்டு. இரட்டைமலை சீனிவாசனார் 1939இல் வெளியிட்ட தம் வாழ்க்கைச் சுருக்கத்தில், கோயம்புத்தூரில் படித்த நாளைக் குறிப்பிடுகிறார். தம் சாதியை உடன்படிப்போர் அறிந்தால் தாழ்வாக நடத்துவரோ என்றஞ்சி, மணி அடிக்கும் வரை பள்ளிக்கு வெளியிலேயே தனித்திருந்து படித்தவர் அவர். வாய் திறக்க அஞ்சிய அதே மாணவர்தாம், 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணலோடு அமர்ந்து நம் மக்களுக்காகப் பேசினார். அஞ்சி ஒதுங்கிய பிள்ளையும் பேசக் கற்றுக்கொள்ள முடியும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

நம் அனுபவம் ஒன்றையும் சொல்லுவோம். 1981ஆம் ஆண்டு. அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் ஒரு சிற்றூர். நமக்கு வயது 11. ஆறாம் வகுப்புக்காக நகரத்து அரசு நல விடுதியில் இடம் கிடைத்தது. தந்தையார் செங்கல் சூளையில் வேலை பார்த்தார்; ஒரு நாள் கூலியை இழக்க வழியில்லை. தகரப்பெட்டி, தட்டு, பாய் இவற்றோடு நம்மைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, "போற வழி தெரியலைன்னா கேளு. கேட்கிறதால வாய் தேஞ்சு போகாது" என்றார். நடத்துநரைக் கேட்டோம், பெட்டிக்கடைக்காரரைக் கேட்டோம், மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு போன ஒரு முதியவரைக் கேட்டோம். நான்கு முறை கேட்டு விடுதி வாயிலை அடைந்தபோது கால் வலித்தது. அழுகையும் வந்தது. ஆனால், அன்றிரவு பாயில் படுத்தபோது, 'நாமாக வந்து சேர்ந்தோம்' என்றொரு எண்ணம் எழுந்தது. இன்று வரை நம்மைத் தாங்கி வருவது அந்த எண்ணமே.

இப்படி வளர்ந்த நாம் நம் மகனை எப்படி வளர்த்தோம்? நாம் பட்ட பாடு அவன் படக் கூடாது என்று உறுதி பூண்டோம். பன்னிரண்டாம் வகுப்பு வரை வண்டியில் கொண்டுபோய் விட்டோம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, உதவித்தொகை விண்ணப்பம் அனைத்தையும் நம் கையாலேயே நிரப்பினோம். கையெழுத்து மட்டும் அவனுடையது. 2018இல் வெளியூர்க் கல்லூரி ஒன்றில் சேர்ந்தான். மூன்றாம் மாதம் இரவில் தொலைபேசியில் அழைத்து, "உதவித்தொகை விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க அப்பா. நான் ஊருக்கே வந்துடறேன்" என்றான். மறுநாள் விடுப்பெடுத்து ஆறு மணி நேரம் பயணம் செய்து சென்றோம். குறை என்னவென்றால், ஒரு சான்றிதழின் நகல் இணைக்கப்படவில்லை, அவ்வளவே. எதிரில் இருந்த கடையில் நகல் எடுத்துக் கொடுத்தோம். அலுவலர், "எந்த நகல்னு தம்பி ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே ஐயா" என்றார்.

திரும்பும் வழியில், "ஏனப்பா கேட்கவில்லை?" என்று மகனிடம் சற்றுக் கடுமையாகவே கேட்டோம். அவன் சினங்கொள்ளவில்லை. "எப்பவும் நீங்கதானே அப்பா பேசுவீங்க?" என்றான். அவன் சொன்னதற்கு மறுமொழி சொல்ல நம்மிடம் ஒன்றுமில்லை. கூலித் தொழிலாளியான நம் தந்தையார் நமக்குத் தந்ததை, பட்டம் பெற்ற நாம் நம் மகனுக்குத் தரவில்லை.

அன்பர்களே! பெற்றோரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு. நான்கு வழிச் சாலை பல ஊர்களில் குடியிருப்பையும் பள்ளியையும் இரண்டாகப் பிரித்துவிட்டது. பெண் பிள்ளைகளைப் பற்றிய கவலை எந்தத் தாய்க்கும் இருக்கும். இவற்றோடு, நமக்கென்று இன்னும் ஓர் அச்சமும் உண்டு. ஏழாம் வகுப்பு மகனைத் தினமும் கைபிடித்து அழைத்து வந்த ஒரு தாயாரிடம் காரணம் கேட்டோம். முன்னொரு நாள் கடைக்குத் தனியே போன பிள்ளையை ஒருவர் பெயர் சொல்லி அழையாமல் சாதி சொல்லி அழைத்ததாகவும், பிள்ளை வாங்கப் போனதை வாங்காமலே திரும்பி வந்ததாகவும் சொன்னார். "இன்னொரு தடவை அவன் காதுல அது விழக் கூடாதுங்க ஐயா" என்றார். அத்தாயின் கண்ணீருக்குமுன் எந்தக் கல்வித் தத்துவமும் நில்லாது.

ஆயினும் அவரிடம் ஒன்று சொன்னோம். "அம்மா, வாழ்நாள் முழுவதும் நீங்கள் அவன் காதைப் பொத்திக்கொண்டு நடக்க முடியாது. அப்படி அழைத்தால் என்ன சொல்ல வேண்டும், யாரிடம் வந்து சொல்ல வேண்டும் என்று கற்றுக் கொடுங்கள்." அழைத்தவரின் செயல் குற்றம், அதைத் தண்டிக்க 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதைப் பெரியவர்களாகிய நாம் பார்த்துக்கொள்வோம். பிள்ளை அறிய வேண்டுவது, வெட்கப்பட வேண்டியவன் தானல்லன் என்பதை. நேர்ந்ததை வீட்டிலும் பள்ளியிலும் அஞ்சாமல் சொல்லும் பழக்கம் அவனுக்கு வேண்டும். துன்பத்தில் உள்ள எந்தக் குழந்தையும் அழைக்கத்தக்க 1098 என்னும் எண்ணும் அவனுக்கு மனப்பாடமாக இருத்தல் வேண்டும். பேசத் தெரிந்த பிள்ளையே பாதுகாப்பான பிள்ளை.

மற்றொன்றையும் தெளிவுபடுத்த விரும்புகிறோம். பிள்ளைகளைத் தனித்து இயங்க விடுதல் என்பது அவர்களை வேலைக்கு விடுதல் அன்று. நம் முன் தலைமுறைப் பிள்ளைகள் விடியுமுன் பிறர் மாட்டை மேய்க்கப் போனார்கள். அது அடிமைத்தனம். தன் காரியத்தைத் தானே செய்வது வேறு. பிறர் காரியத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடப்பது வேறு.

இன்று பல வீடுகளில் பிள்ளை வெளியே போகாதிருக்கக் கைப்பேசியைக் கையில் கொடுத்துவிடுகின்றனர். பிள்ளை வீட்டில்தான் இருக்கிறது. ஆனால், பேச்சு இல்லை. வெளியே போனாலோ, கால் மணிக்கொரு முறை "எங்கே இருக்கிறாய்?" என்று அழைப்பு. கயிற்றின் நீளம் கூடியிருக்கிறது, கயிறு அவிழவில்லை.

என்ன செய்யலாம்? நம் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறோம். ஐந்து வயதில் பிள்ளை தானே உண்டு, தன் தட்டைத் தானே கழுவட்டும். எட்டு வயதில் பக்கத்துக் கடைக்குச் சென்று பொருள் வாங்கி, மீதிச் சில்லறையைத் தானே எண்ணிப் பெறட்டும். ஒரு ரூபாய் குறைந்தால் வைய வேண்டா. மறுபடி போய்க் கேட்கச் சொல்லுங்கள். பத்து வயதில் சாலையைக் கடக்க உடன் நின்று பழக்குங்கள். அவன் கைகாட்ட, நீங்கள் கடந்து செல்லுங்கள். பன்னிரண்டு வயதில் வங்கியில் பணம் கட்டும் சீட்டை அவளே எழுதட்டும். நீங்கள் பின்னால் நில்லுங்கள். பதினான்கு வயதில், பகற்பொழுதில், பழகிய வழியில், அடுத்த ஊர் வரை பேருந்தில் போய் வரட்டும். பதினாறு வயதில் தன் சான்றிதழ்களைத் தானே ஒரு கோப்பில் பாதுகாக்கட்டும். ஊருக்கு ஊர் நிலைமை வேறுபடும். எது தகும் என்று பெற்றோர் அறிவர். ஆணுக்குச் சோறாக்கவும், பெண்ணுக்கு வெளியே போய்வரவும் ஒரே வீட்டில் கற்றுத் தருதல் வேண்டும் என்பதில் மட்டும் விலக்கில்லை.

நம் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். மாலை நேரப் படிப்பகத்தில் வருகைப் பதிவேட்டையும் நூலகப் பதிவேட்டையும் நாம் எழுதி வருகிறோம். அடுத்த மாதம் முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் முறை வைத்து எழுதட்டும். பிழை நேரும், இரண்டொரு நூல் காணாமலும் போகலாம். அந்நட்டத்தைக் கல்விச் செலவு என்று கணக்கில் எழுதிக்கொள்வோம். உதவித்தொகை விண்ணப்பங்களை நம் இளைஞர்கள் நிரப்பித் தருவது பெருந்தொண்டு. இனி நிரப்பித் தராமல், நிரப்பக் கற்றுத் தருவார்களாக.

நிறைவாக ஒன்று. இன்றைய விழாவில் நன்றியுரை ஆற்றவிருப்பவர் நம் படிப்பகத்தின் ஒன்பதாம் வகுப்பு மாணவி என்று அறிந்தோம். சற்று முன் பொறுப்பாளர் ஒருவர் அவருக்காக உரையை எழுதிக்கொண்டிருந்ததையும் கண்டோம். அன்பு கூர்ந்து அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அக்குழந்தை தன் சொற்களிலேயே பேசட்டும். நடுவில் சொல் தடைப்பட்டால் எவரும் எடுத்துக் கொடுக்க வேண்டா. பொறுத்திருப்போம். எத்தனையோ தலைமுறைகளாகப் பேச முடியாமல் நின்றவர்கள் நாம். ஒரு பிள்ளை பேசுவதற்காக ஒரு நிமிடம் காத்திருப்பது நமக்குப் பெரிதன்று.