யாரிடம் கணக்குக் கேட்பது?

(சித்தூரில் நடைபெற்ற நமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



மூணாற்றிலிருந்து வந்திருப்பவர்கள் விடிவதற்கு முன்பே புறப்பட்டு மறையூர், உடுமலை, பொள்ளாச்சி வழியாக வந்து சேர்ந்திருக்கிறீர்கள். கேரளத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு வர நமக்குத் தமிழ்நாட்டைத் தாண்டித்தான் வழி. கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் வண்ணாமடையிலிருந்தும் கோவிந்தாபுரத்திலிருந்தும் வந்தவர்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே நேரத்தை வீணாக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

‘நாட்டு நடப்பும் நமது கடமையும்’ என்று நோட்டீசில் அச்சடித்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் இதே தலைப்புத்தான். டெல்லியை ஒரு பத்து நிமிஷம், திருவனந்தபுரத்தை ஒரு பத்து நிமிஷம், சென்னையை ஒரு ஐந்து நிமிஷம் திட்டிவிட்டு, கைதட்டல் வாங்கிக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போவது வழக்கம். எங்களுக்கு அப்படிப் பேச வராது. பத்தாம் வகுப்போடு நின்று ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்குத் தெரிந்தது ரிஜிஸ்டர். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். மாலையில் இரண்டும் ஒத்துவராவிட்டால் கைக்காசைப் போட்டாவது சரிக்கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு சாதாரணக் குமாஸ்தாவுக்கு இருக்கிற இந்த நிர்ப்பந்தம், நம்மை ஆளுகிறவர்களுக்கும் நம்மை வழிநடத்துகிறோம் என்று சொல்கிறவர்களுக்கும் ஏன் இல்லை? இதைத்தான் கேட்க வந்தோம்.

முதலில் நமது சித்தூர் தாலுகாவையே எடுத்துக்கொள்வோம். பெருமாட்டிப் பஞ்சாயத்தில் பிளாச்சிமடை இருக்கிறது. 2000 மார்ச்சில் அங்கே கோக்கோ கோலா ஆலை ஓடத் தொடங்கியது. வேலை கிடைக்கும் என்றார்கள். கொஞ்ச நாளில் சுற்றுவட்டாரத்துக் கிணறுகளில் தண்ணீர் இறங்கியது, இருந்த தண்ணீரும் வாயில் வைக்க முடியாமல் போனது. 2002 ஏப்ரல் 22ஆம் தேதி ஆதிவாசி மக்கள் ஆலைவாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களில் முன்னால் நின்றவர் மயிலம்மா, இரவாளர் சமூகத்துப் பெண். பெரிய பள்ளிக்கூடம் எதையும் மிதித்தவர் அல்ல. பெரிய கட்சிகள் யோசித்துக்கொண்டிருந்தன. அந்த அம்மாள் யோசிக்கவில்லை. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2007 ஜனவரியில் மயிலம்மா காலமானார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். அரசு நியமித்த உயர்மட்டக் குழு 2010இல் கணக்குப் போட்டு, மக்களுக்கும் மண்ணுக்கும் ஏற்பட்ட சேதம் 216.26 கோடி ரூபாய் என்று சொன்னது. அந்தப் பணத்தை வாங்கித்தர ஒரு தீர்ப்பாயம் அமைக்க வேண்டும் என்று 2011 பிப்ரவரி 24ஆம் தேதி சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. மசோதா டெல்லிக்குப் போனது. ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்கவில்லை, திரும்பி வந்துவிட்டது. அன்றைக்குப் பிறந்த குழந்தை இன்று உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறது. இந்த இடைவெளியில் இடதும் வலதும் மாறி மாறி இங்கே ஆண்டன. டெல்லியிலும் ஆள் மாறியது. எல்லாரும் பிளாச்சிமடைப் பக்கம்தான், எதிர்த்துப் பேசுகிறவர் ஒருவரும் இல்லை. ஆனால் பணம் ஒரு காசு வரவில்லை. எதிரி யார் என்று தெரிந்தாலாவது சண்டை போடலாம்; எல்லாரும் நண்பர்களாக இருந்துகொண்டு ஒன்றும் செய்யாமல் இருக்கும்போது யாரைப் பிடிப்பது?

தண்ணீர் விஷயமும் இப்படித்தான். பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தம் 1970 மே 29ஆம் தேதி கையெழுத்தானது. மணக்கடவில் சித்தூர்ப் புழைக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. விட வேண்டும். முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 1958 முதல் கணக்கிட்டால் 1988இல் முதல் பரிசீலனை முடிந்திருக்க வேண்டும். அவ்வப்போது அதிகாரிகள் கூடுகிறார்கள், கலைகிறார்கள். புதிய ஒப்பந்தம் பிறக்கவில்லை. அந்தப் பக்கம் பொள்ளாச்சி விவசாயி, இந்தப் பக்கம் சித்தூர் விவசாயி. இரண்டு பேரும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்திகள். கோடை வந்தால் இருவரையும் எதிரெதிராக நிறுத்தி வைக்கிறார்கள்.

இனி மலைக்குப் போவோம். இங்கே வந்திருக்கும் தாய்மார்களில் சிலர் 2015 செப்டம்பரில் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தவர்கள். உங்களிடம் உங்கள் கதையைச் சொல்வது சரியல்லதான். ஆனால் சித்தூர்க்காரர்கள் பலருக்கு அது முழுவதும் தெரியாது.

கண்ணன் தேவன் கம்பெனி 2005இல் புதிதாக அமைக்கப்பட்டபோது தொழிலாளர்களையும் பங்குதாரர்கள் ஆக்கினார்கள். பங்குதாரர் என்றால் முதலாளிக்குச் சமம் என்று நாம் நினைத்துக்கொண்டோம். பங்குதாரருக்கு 2015இல் நாள் கூலி 232 ரூபாய், குடியிருப்பு லயத்தில். அந்த ஆண்டு போனஸ் பத்து சதவீதம் என்று அறிவித்தார்கள். பெண்கள் இருபது சதவீதம் கேட்டார்கள். சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி. என்று மூன்று சங்கங்கள் இருந்தன. மூன்றுக்கும் சந்தா கட்டிக் கட்டிக் கை சலித்த பெண்கள், மூன்றையும் ஒதுக்கி வைத்துவிட்டுத் தாங்களே ரோட்டுக்கு வந்தார்கள். பெண்கள் ஒற்றுமை என்ற பெயரே அப்படிப் பிறந்தது. சமாதானம் பேச வந்த தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரைத் திருப்பி அனுப்பினார்கள். வி.எஸ். அச்சுதானந்தன் மட்டும், அந்த வயதிலும், கடைசி நாளில் வந்து அவர்களோடு உட்கார்ந்தார். அவரை அவர்கள் விரட்டவில்லை. செப்டம்பர் 13ஆம் தேதி, போனசும் கருணைத் தொகையுமாகச் சேர்த்து இருபது சதவீதம் தர ஒப்புக்கொள்ளப்பட்டது. அக்டோபரில் கூலி 301 ரூபாய் ஆனது. கேட்டது 500.

ரயில்வேக்காரர்களான எங்களுக்குப் போனஸ் என்ற சொல்லின் எடை தெரியும். 1974 மே மாதம் எங்களுக்கு முன்னிருந்தவர்கள் இருபது நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆயிரக்கணக்கானோர் ஜெயிலுக்குப் போனார்கள், வேலை இழந்தார்கள். அந்தப் போனஸ் 1979இல்தான் வந்தது. அதை ஆண்டுதோறும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு தீபாவளிக்குத் துணி எடுக்கிற நாங்கள், 2015இல் என்ன செய்தோம்? ஒரு பாராட்டுத் தீர்மானம் போட்டோம். இந்த மாத இதழில் அதை அச்சடித்தோம். நமது செயற்குழுவிலிருந்து ஒருவரும் மூணாற்றுக்குப் போகவில்லை. ஏன்? செயற்குழுவில் அந்த மூன்று சங்கங்களுக்கும் வேண்டியவர்கள் இருந்தார்கள். யார் மனமும் நோகக்கூடாது என்று சும்மா இருந்தோம்.

அந்தக் காலத்தில் கங்காணி திருநெல்வேலிச் சீமைக்குப் போய் முன்பணம் கொடுத்து ஆள் பிடித்து வருவான். ஆளுக்கு இவ்வளவு என்று துரையிடம் காசு வாங்குவான். ஆட்களுக்குத் தலைவனும் அவன்தான், துரைக்கு ஏஜெண்டும் அவன்தான். கங்காணி முறை ஒழிந்துவிட்டது என்று புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள்.

ஒன்பது நாளில் ஜெயித்த அந்தப் பெண்கள், அந்த நவம்பரில் உள்ளாட்சித் தேர்தலிலும் சில இடங்களைப் பிடித்தார்கள். பிறகு கட்சிகள் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தன. அவர்களுக்குள்ளும் பிளவு வந்தது. 2017இல் ஒரு மந்திரி மேடையிலே அவர்களைப் பற்றித் தகாத முறையில் பேசினார். மறுபடி ரோட்டில் உட்கார்ந்தார்கள், இந்தத் தடவை கூட்டம் குறைவு. “பார்த்தீர்களா, தலைமை இல்லாவிட்டால் இப்படித்தான்” என்று சொன்னவர்கள் நம்மிலும் உண்டு. தலைமை இருந்த சங்கங்கள் லயத்துக்கு என்ன செய்துவிட்டன என்று அவர்கள் சொல்லவில்லை.

லயத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தபோது, முதலாளி வீடு கொடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் வீடு வேலையோடு முடிச்சுப் போடப்பட்டது. வேலை போனால் வீடு போகும். நாற்பது ஆண்டு கொழுந்து கிள்ளியவள் ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அவள் மகனோ மருமகளோ அந்த வேலையில் சேர வேண்டும். அந்த ஒற்றை அறைக்காகப் படிப்பை நிறுத்திப் பெயர் பதிந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று மலைக்காரர்களுக்குத் தெரியும். சொந்தமாக ஒரு சென்ட் இடம் இல்லாத குடும்பங்கள் மலை சரியும் என்று தெரிந்தாலும் எங்கே போகும்?

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்தது. வரிசை லயங்கள் மண்ணுக்குள் போயின. கரண்டு இல்லை, போன் இல்லை. வெளியுலகத்துக்குச் செய்தி மறுநாள் காலையில்தான் வந்தது. எழுபது பேர். அறுபத்தாறு உடல் கிடைத்தது, நான்கு கிடைக்கவே இல்லை. பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. கொரோனாக் காலமாதலால் ஊரிலிருந்து உறவுக்காரர்கள் எல்லை தாண்ட பாஸ் எடுக்க அலைந்தார்கள். சொந்த அக்கா முகத்தைப் பார்க்க பாஸ்!

மறுநாள் ஆகஸ்ட் 7 இரவு கரிப்பூரில் விமானம் விழுந்தது. முதலமைச்சர் அங்கே 8ஆம் தேதியே போனார். பெட்டிமுடிக்கு 13ஆம் தேதி வந்தார். அங்கே இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு பத்து லட்சம் அறிவித்தது. இங்கே ஐந்து லட்சம். விமானத்தில் வந்தவர்களும் வயிற்றுப்பாட்டுக்காக வெளிநாடு போன தொழிலாளிகள்தான். அவர்களுக்குக் கிடைத்ததைக் குறைக்கச் சொல்லவில்லை. அந்த வித்தியாசத்துக்குக் காரணம் மட்டும் கேட்கிறோம். பிறகு எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியார் பள்ளத்தாக்கில் வீடு கிடைத்தது; நல்லது. மற்ற மலைகளில் மற்ற லயங்கள் அப்படியே நிற்கின்றன.

வாளையாறுக்கு அப்பால் இருக்கிற தலைவர்கள் என்ன செய்கிறார்கள்? தேர்தல் வந்தால் தேவிகுளம் பீர்மேடு ஞாபகம் வரும். 1956இல் போட்ட எல்லையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். எல்லைக்குள் அகப்பட்ட மனிதனைப் பற்றி ஒரு நிமிஷம் பேச மாட்டார்கள். இங்கே நாம் பாண்டி. ஊருக்குப் போனால் மலையாளத்தான். சாதிச் சான்றிதழ் கேட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போனால், 1950க்கு முன்பே உன் தாத்தா இங்கே குடியிருந்தாரா, பத்திரம் காட்டு என்கிறார்கள். லயத்தில் பிறந்து லயத்தில் செத்தவருக்குப் பத்திரம் ஏது? தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினரின் வெற்றியே இப்படிப்பட்ட வழக்கில் 2023இல் உயர் நீதிமன்றத்தில் செல்லாது என்றாகி, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில்தான் மீண்டது. அவருக்கு டெல்லி வரை போக வழி இருந்தது. காலேஜ் சீட்டுக்கு அந்தத் தாளைக் கேட்டு நிற்கிற பிள்ளைக்கு இல்லை.

இதுவரை நீங்கள் கைதட்டினீர்கள். இனிச் சொல்லப்போவதற்குத் தட்ட மாட்டீர்கள்.

முதலமடைப் பஞ்சாயத்தில் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனி இருக்கிறது. அரசுப் பதிவேட்டில் சக்கிலியர் என்று எழுதப்படும் மக்கள் அங்கே வாழ்கிறார்கள். டீக்கடையில் தனி டம்ளர், குழாயடியில் தனி நேரம் என்று அவர்கள் சொன்ன புகார்கள் 2017இல் பத்திரிகைகளில் வந்தன. ஒதுக்கியவர்கள் யார்? மலையாளிகள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நம் ஆட்களும் இருந்தார்கள். அப்போது நமது செயற்குழுவில் இதைப் பேச வேண்டும் என்று ஒருவர் எழுந்தார். நமக்கு இலவசமாக இடம் கொடுத்து வந்த ஒரு பெரியவருக்கு வருத்தம் வரும் என்று அவரை உட்கார வைத்தோம். உட்கார வைத்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு. அந்தக் காலனியிலிருந்து இன்று ஏழு பேர் வந்திருக்கிறார்கள். கடைசி வரிசையில் இருக்கிறார்கள். யாரும் போகச் சொல்லவில்லை, முன்னால் வரச் சொல்லவும் இல்லை.

இன்னொன்று. பெட்டிமுடிக்கென்று 2020இல் நாம் வீடு வீடாகப் போய் வசூலித்தோம். சூளைக்காரர், கள் இறக்குகிறவர், கூலிக்குப் போகிற பாட்டி எல்லாரும் கொடுத்தார்கள். அரிசியும் போர்வையும் போய்ச் சேர்ந்தன. பணத்தில் ஒரு பகுதி போகவில்லை. எந்தத் தலைவரை அழைத்து, யார் கையால், எந்த மேடையில் கொடுப்பது என்று செயற்குழுவில் முடிவாகாததால் அது வங்கியில் கிடக்கிறது. ஒருவரும் திருடவில்லை. திருடவில்லை என்பது ஒரு பெருமையா? மூன்று ஆண்டாகப் பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசிக்கவில்லை. கேட்பார் இல்லை என்பதால் வாசிக்கவில்லை. டெல்லிக்குப் போன மசோதாவுக்கும் நம் பெட்டியில் கிடக்கும் பணத்துக்கும் எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஆகவே செயற்குழுவில் இருக்கிற நாங்கள் ஐந்து பேர் இரண்டு தீர்மானங்கள் கொண்டுவருகிறோம். பெட்டிமுடிப் பணத்தை இந்த மாதத்துக்குள், மேடை இல்லாமல், மூணாற்றிலிருந்து வந்திருக்கும் தாய்மார்கள் பொறுக்குகிற மூன்று பேர் கையில் ஒப்படைப்பது. கோவிந்தாபுரத்தில் கிளை அமைத்து, அதற்குச் செயற்குழுவில் இரண்டு இடம் கொடுப்பது. இது நிறைவேறினால் நம் கூட்டத்துக்கு இலவச இடம் கிடைக்காமல் போகலாம். மரத்தடியில் கூடிக்கொள்ளலாம், பிளாச்சிமடையில் பந்தலில்தான் உட்கார்ந்தார்கள்.

மூணாற்றுக்காரர்களுக்கு மூன்று மணிக்குப் பஸ். அதனால் கணக்கைச் சாப்பாட்டுக்கு முன்பே வாசிக்கிறோம். ரிஜிஸ்டர் அந்த மேஜைமேல் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் புரட்டலாம். எழுத்துத் தெரியாதவர்கள் படிக்கிற பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசையில் இருப்பவர்கள் தயவுசெய்து முன்னால் வாருங்கள், நாற்காலி போட்டாகிவிட்டது. பொருளாளர் வாசிக்கும்போது தொகை புரியாவிட்டால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.