ஒரு தாயின் கூற்று



கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் எழுதிய தன்வரலாற்றைக் கையில் எடுக்கும் வாசகர், தம்மை அறியாமலே நீதிபதியின் இருக்கையில் அமர்ந்துவிடுகிறார். "இவர் செய்தாரா, இல்லையா?" என்பதே அவர் கேட்கும் முதல் வினா. ஆஸ்திரேலியப் பெண்மணி லிண்டி சேம்பர்லைன் 1990இல் வெளியிட்ட 'என் கண்களின் வழியே' என்னும் பொருள்படத் தலைப்பிட்ட நூலுக்கு அந்த வினா பொருந்தாது. அதற்கு நீதிமன்றம் 1988இலேயே விடையளித்துவிட்டது.

1980 ஆகஸ்டு 17ஆம் நாள் இரவு, உளுரு பெரும்பாறையருகே கூடாரத்தில் உறங்கிய ஒன்பது வாரப் பெண்மகவு அஸாரியா காணாமற்போனாள். டிங்கோ எனும் காட்டுநாய் கவ்விச் சென்றதென்றார் தாய். 1981இல் முதல் மரண விசாரணை அதனை ஏற்றது. நாட்டில் பலர் ஏற்கவில்லை. தொலைக்காட்சியின் முன் அத்தாய் கதறவில்லை, நிதானமாகப் பேசினார். அந்த நிதானமே அவர்மீது ஐயம் கொள்ளப் போதுமானதாயிற்று. அஸாரியா என்றால் 'பாலைவனத்தில் பலி' என்று பொருள் என வதந்தியும் பரவிற்று. அப்பெயரின் மெய்ப்பொருளோ 'இறைவன் துணைநின்றான்' என்பது. சொல்லையே தொழிலாகக் கொண்ட கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

1982 அக்டோபர் 29இல் டார்வின் நீதிமன்றத்தில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று, ஆயுள் தண்டனை. நிறைசூலியாகச் சிறை புகுந்து, அடுத்த மாதமே மற்றொரு மகளை ஈன்றார். அக்குழந்தையும் அவரிடமிருந்து பிரிக்கப்பட்டது. காரில் கண்ட மழலைக் குருதி என்று சான்று கூறப்பட்ட தெளிப்பு, உண்மையில் ஒலியை அடக்கப் பூசும் பொருளே எனப் பின்னர்த் தெளிந்தது. 1986 பிப்ரவரியில் பாறையடியில் குழந்தையின் மேற்சட்டை கிடைத்தது. சில நாட்களில் அவர் விடுதலையானார். 1987இல் அரசு ஆணையம் வழக்கின் சான்றுகளை ஆராய்ந்தது. 1988இல் தண்டனைத் தீர்ப்பு நீக்கப்பட்டது.

அவ்வாறாயின், 1990இல் அவர் நூல் எழுத வேண்டியதேன்? தீர்ப்பு பழியை நீக்கும். பறித்த பேச்சைத் திருப்பித் தராது. நீதிமன்றத்தில் அவர் கேட்ட வினாக்களுக்கு மட்டுமே விடை கூறினார். செய்தித்தாள்களில் பிறர் அவருக்காகப் பேசினர். 1985இல் வெளிவந்த ஜான் பிரைசனின் நூலும், அதனைத் தழுவிய 1988ஆம் ஆண்டுத் திரைப்படமும் அவருக்குப் பரிவு காட்டியவைதாம். ஆயினும் அவை பிறர் கூற்றே. தாயின் கூற்றைத் தாயே சொல்லத்தான் நூல் வேண்டியிருந்தது.

கையறுநிலை பாடிய மரபில் வந்தோர்க்கு அழுகையின் ஓசை பழக்கமானது. ஓசையற்ற துயரை ஐயுறுவது அதனினும் எளிது. ஒரு முகத்தில் தான் எதிர்பார்த்த கண்ணீர் இல்லை என்பதற்காக உலகம் ஒரு தாயைக் கொலையாளி என்றது.

டிங்கோவே குழந்தையைக் கொண்டுசென்றது என மரண விசாரணை அதிகாரி உறுதிசெய்தது 2012 ஜூன் 12இல். அத்தாய் அதை முதன்முதலில் சொல்லி அப்போது 32 ஆண்டுகள் ஆகவிருந்தன.