முதலில் நிறுத்தம், பிறகு பாதை

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மோட்டார் சைக்கிளில் எங்காவது போய் வரலாம் என்று நண்பர்கள் கூடிப் பேசும்போது முதலில் எழும் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர்?" என்பதாகத்தான் இருக்கிறது. ஐந்நூறு என்றால் நல்ல பயணம், அறுநூறு என்றால் அதைவிட நல்ல பயணம் என்று ஒரு கணக்கு நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. அந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். எங்கே நிற்கப் போகிறீர்கள், எத்தனை மணிக்கு அங்கே நிற்க வேண்டும் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். அந்த இடங்களை இணைக்கும் சாலையை அடுத்ததாகத் தேடுங்கள். கிலோமீட்டரைக் கடைசியில் கூட்டிக்கொள்ளலாம். இப்படிச் செய்தால் பயணம் சுருங்கிவிடாதா என்று கேட்பீர்கள். தூரம் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். ஆனால் பார்ப்பது கூடும், பத்திரமும் கூடும். அது எப்படி என்று பார்ப்போம்.

முதல் காரணம் வெளிச்சம். தமிழ்நாட்டில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் பகலின் நீளத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. எந்த மாதமானாலும் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம்தான் பகல். கார்த்திகை, மார்கழியில் மாலை ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். மலையில் மேற்குப் பக்கம் ஒரு முகடு நின்றுவிட்டால் ஐந்து மணிக்கே சாலை நிழலுக்குள் போய்விடும். ஆக, இரண்டு நாளில் உங்கள் கையில் இருப்பது இருபத்து நான்கு மணி நேரப் பகல். சாப்பாடு, தேநீர், பெட்ரோல், முதுகை நிமிர்த்தும் நேரம் எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். "வேகமாகப் போய் நேரத்தை மிச்சம் பிடிக்கலாமே" என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. நூறு கிலோமீட்டரை 60 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகும். 80இல் போனால் ஒரு மணி பதினைந்து நிமிடம். மிச்சம் இருபத்தைந்து நிமிடம், இரண்டு தேநீர் நிறுத்தங்களுக்குச் சரியாகப் போய்விடும். அந்த இருபத்தைந்து நிமிடத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம்? 60 வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குப் பதினாறு, பதினேழு மீட்டர் ஓடுகிறது. 80இல் இருபத்திரண்டு மீட்டர். குறுக்கே ஒரு மாடு வருவதைக் கண் பார்த்து கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் இவ்வளவு தூரம் போய்விடும். பிடித்த பிறகு வண்டி நிற்க எடுக்கும் தூரமோ வேகத்தின் வர்க்கத்தை ஒட்டிப் பெருகும். 60க்குத் தேவைப்படுவதைவிட 80க்கு முக்கால் பங்குக்கும் மேல் அதிகம் வேண்டும்.

இரண்டாவது காரணம் மலைச்சாலை. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். வரைபடத்தில் அது சின்னத் தூரம். ஆனால் வளைவுக்கு வளைவு முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இறங்கி ஏறும் சாலையில், நூறு சிசி வண்டிக்காரரும் ஐந்நூறு சிசி வண்டிக்காரரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்தான் மேலே போய்ச் சேருவார்கள். சேர்ந்த பிறகு ஆகாய கங்கை அருவி இருக்கிறது. அறப்பளீசுவரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும், திரும்ப அத்தனையும் ஏற வேண்டும். அருவியில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் அரை நாள் அதற்கே வேண்டும். சாலையை மட்டும் கணக்குப் போட்டு வந்தவர்கள் படிக்கட்டின் முனையில் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அருவியை முதலில் எழுதிவைத்தவர், அந்த அரை நாளைக் காலையிலேயே ஒதுக்கிவிடுவார்.

இனி சென்னையிலிருந்து கிளம்பும் ஒரு பயணத்தை முழுதாகத் திட்டமிட்டுப் பார்க்கலாம். இடம் ஜவ்வாது மலை. ஊட்டி, கொடைக்கானல் போலக் கூட்டம் அலைமோதும் இடமல்ல. இங்கே நம் முதல் நிறுத்தம் காவலூர் வானாய்வகம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல ஆசை, பொறுத்துக்கொள்ளுங்கள். வேணு பாப்பு என்ற வானியல் அறிஞர், நகர வெளிச்சம் படாத ஓர் இடத்தைத் தேடி இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார். 1960களின் கடைசியில் ஒரு சிறிய தொலைநோக்கியோடு இங்கே வேலை தொடங்கியது. இடத்தின் சிறப்பு என்னவென்றால், பன்னிரண்டரை பாகை வட அட்சரேகையில் இருப்பதால் வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியையும் இங்கிருந்து பார்க்க முடியும். 1977இல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்த நேரத்தில், அந்தக் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்துகொண்ட நிகழ்வை இங்கிருந்தும் கவனித்தார்கள். முழுக்க இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய 2.3 மீட்டர் தொலைநோக்கியை 1986இல் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கிவைத்து, அதற்கும் வானாய்வகத்துக்கும் வேணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். அதைப் பார்க்க அவர் இல்லை, 1982இலேயே காலமாகிவிட்டார். 1988இல் இங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயரை வைத்தார்கள். அந்த வெள்ளைக் குவிமாடத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் ஒரு பள்ளிப் பிள்ளைக்கு என்னென்ன தோன்றும் என்று எண்ணிப்பாருங்கள். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டிப் போக இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது கவனியுங்கள். பொதுமக்களை உள்ளே விடுவது சனிக்கிழமைகளில்தான் வழக்கம். கிளம்பும் முன், வானாய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்து நேரத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்த ஒரு நிறுத்தம் முழுப் பயணத்தையும் தீர்மானித்துவிடுகிறது. சனிக்கிழமை பிற்பகலில் காவலூரில் இருக்க வேண்டுமானால் போகும்போது தேசிய நெடுஞ்சாலை. வேலூர், ஆம்பூர் வழியாக வாணியம்பாடி, அங்கிருந்து ஆலங்காயம், பிறகு மலை. வாணியம்பாடியிலிருந்து காவலூர் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். திரும்பும்போது, இரவு தங்கும் ஜமுனாமரத்தூரிலிருந்து மலையின் மறுபக்கம் போளூருக்கு இறங்கி, ஆரணி, காஞ்சிபுரம் வழியாக வீடு. இதையே திருப்பிப் போட்டால் காவலூர் ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விடும், கதவு மூடியிருக்கும். "எந்தப் பக்கமாகப் போனால் என்ன, வட்டம்தானே" என்று சொல்ல முடியாதது இதனால்தான். வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து காலையில் மேற்கே போகும்போது வெயில் முதுகில் அடிக்கும். ஞாயிறு பிற்பகலில் கிழக்கே திரும்பும்போதும் முதுகில்தான். கண் கூசாது. ஆனால் எதிரே வரும் ஓட்டுநருக்குக் கண் கூசும். நீங்கள் இருப்பதே அவருக்குத் தெரியாமல் போகலாம். 2017 ஏப்ரலிலிருந்து வரும் புது இருசக்கர வண்டிகளில் முகப்பு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருப்பது இதற்காகவே. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை விடியும் நேரத்தில் கிளம்பினால் ஆம்பூரை மதியத்துக்கு முன்பே எட்டிவிடலாம். ஆம்பூர் என்றதும் பிரியாணிதான் நினைவுக்கு வரும், நானும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. கத்தரிக்காய்ப் பச்சடியோடு சாப்பிடுங்கள், ஆனால் அளவோடு. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உச்சி வெயிலில் வண்டி ஓட்டினால் கண்ணைச் சொக்கும். அதற்கு அடுத்து வருவது மலைப்பாதை. சாப்பிட்டபின் அரை மணி உட்கார்ந்து எழுந்திருங்கள். அந்த அரை மணியையும் தாளில் எழுதிவிடுங்கள். பெட்ரோலை வாணியம்பாடியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். காவலூரைப் பார்த்து முடித்ததும் இருட்டும் முன் ஜமுனாமரத்தூர் போய்ச் சேர வேண்டும். தங்கும் இடங்கள் அங்கே அதிகம் இல்லை, முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

ஞாயிறு காலை இறக்கம். இந்த மலைப் பக்கத்தில் சாமை, கொள்ளு எல்லாம் விளைகிறது. தை, மாசியில் போனால், கொள்ளுச் செடியை வேரோடு பிடுங்கி வந்து தார்ச்சாலையில் பரப்பி வைத்திருப்பதைப் பார்க்கலாம். வண்டிகள் ஏறிப் போகப் போக நெற்று வெடித்துப் பருப்பு பிரியும். கார், பேருந்துக்கு அது ஒன்றுமில்லை. இரண்டு சக்கரத்துக்கு அப்படியல்ல. மேலே காய்ந்த செடி முடிச்சு முடிச்சாகக் கிடக்கும். அடியில் கொள்ளு உதிர்ந்திருக்கும். அதன்மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும், செடி சங்கிலியில் சுற்றிக்கொள்ளவும் கூடும். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, கைப்பிடியைத் திருப்பாமல், பிரேக்கைத் தொடாமல் நேராக மெல்லக் கடக்க வேண்டும். முடிந்தால் ஓரமாக நின்று அந்த விவசாயிகளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள். இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று இஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருபவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். இஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறி, பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடி தளரும். குறுகலான இடத்தில் எதிரே ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, அது சட்டமும்கூட. ஏறுகிற பேருந்து வளைவில் சாலை முழுவதையும் எடுத்துக்கொள்ளும், ஹாரன் சத்தம் கேட்டதுமே வளைவுக்கு முன்பாக ஒதுங்கி நின்றுவிடுங்கள்.

கீழே போளூருக்கும் ஆரணிக்கும் நடுவில் திருமலை என்றொரு சமணத் தலம். ராஜராஜ சோழனின் தமக்கை குந்தவையின் பெயரால் குந்தவை ஜினாலயம் அங்கே இருக்கிறது. மேலே பாறையில் செதுக்கிய மிகப் பெரிய நேமிநாதர் சிலை. காலை வெயில் ஏறும் முன் படியேறிவிட்டால் ஒன்றரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். அதற்குப் பிறகு ஆரணிச் சாலை, காஞ்சிபுரம், வீடு.

"இப்படி மணிக்கணக்கு எழுதிவைத்துப் போனால் அலுவலகம் போவது போல ஆகாதா? நினைத்த இடத்தில் நிற்கும் சுகம் எங்கே?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நினைத்த இடத்தில் நிற்க நேரம் வேண்டுமல்லவா? அறுநூறு கிலோமீட்டரை முடித்தாக வேண்டும் என்று ஓடுபவருக்கு ஓர் ஏரிக்கரையில் பத்து நிமிடம் நிற்கவும் மனம் வராது. மூன்றே நிறுத்தங்களை உறுதிசெய்து இடையில் இடம் விட்டவருக்கு அந்த ஏரியும் கிடைக்கும். "மொபைலே எல்லா நேரமும் சொல்லுகிறதே" என்பது அடுத்த கேள்வி. அது சொல்வது ஓடும் நேரம். ஐந்து பேர் சேர்ந்து போகும்போது ஒருவர் தேநீரை முடிக்க இன்னொருவர் தொடங்கும் கணக்கு அதற்குத் தெரியாது. மலையில் சிக்னலும் விட்டு விட்டுத்தான் வரும். வழியிலுள்ள ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் யாரிடமும் கேட்டுப் போகலாம். "பாதையே எங்களுக்குப் போதும், இடம் எதற்கு?" என்பவர்களும் உண்டு. அவர்களுக்கும் நேரக் கணக்கு வேண்டும். பந்திப்பூர், முதுமலைக் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்து கிடையாது. ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டினால்தான் வால்பாறையின் 40 வளைவுகள். இருட்டிய பிறகு போய் நின்றால் அங்கே வழி கிடைக்காது. அந்தச் சாவடியும் உங்கள் தாளில் ஒரு நிறுத்தம்தான்.

எனக்குக் கொடுத்த நேரம் முடியப் போகிறது. வண்டியைப் பற்றி ஒன்றிரண்டு மட்டும். சோதனையைக் கிளம்பும் காலையில் வைத்துக்கொள்ளாமல் வியாழக்கிழமையே முடித்துவிடுங்கள்; குறை தெரிந்தால் சரிசெய்ய ஒரு நாள் மிச்சம் இருக்கும். சங்கிலியின் கீழ்ப்பக்கத்தை நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள். வண்டியோடு தந்த கையேட்டில் சொன்ன அளவுக்கு மேல் ஆடினால் இறுக்கச் சொல்லுங்கள். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். எந்த வழியில் போகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள் என்று எழுதிய அதே தாளின் நகல் ஒன்றை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். மழை ஓய்ந்து வானம் தெளியும் ஒரு சனிக்கிழமையில் உங்களில் சிலராவது காவலூர்ப் படியேறுவீர்கள் என்று நம்புகிறேன்.