கொழுந்துக் கூடையும் கருவிப் பெட்டியும்



இந்தியாவில், ராஜஸ்தானிலே திலோனியா என்றொரு கிராமம். 1972இல் அங்கு தொடங்கிய, 'வெறுங்கால் கல்லூரி' என்று பேர்பெற்ற நிறுவனம், ஆபிரிக்க நாட்டுக் கிராமத்துப் பாட்டிமாரையும் வரவழைத்து, சூரிய ஒளி விளக்கைப் பொருத்தவும் பழுதுபார்க்கவும் ஆறு மாதம் பழக்கியது. பலருக்கு எழுத்து வாசனையே இல்லை, பாஷையும் வேறு. நிறத்தையும் சைகையையும் வைத்தே கற்றார்கள். ஊர் திரும்பி வீடுகளுக்கு வெளிச்சம் கொடுத்தார்கள். சூரிய மின் பொறியியலாளர்கள் என்றே அவர்களுக்குப் பெயர்.

நம் தோட்டங்களில் கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்கள். ஸ்டோரில் மெசின் பக்கம் பெரும்பாலும் ஆண்கள். "பொம்பளப் புள்ளைக்கு மெசின் வேலை எதுக்கு?" என்கிறோம். கேள்வியை மாத்துவோம். மகள் மின்சார வேலை படிக்கப் போனால் பஸ் காசு யார் தருவது? மருமகள் பயிற்சிக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? படித்து வந்தவளை நம்பி வேலையும் பொறுப்பும் யார் கொடுப்பது? இதற்கெல்லாம் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். இன்றைக்கே வீட்டில் பேசுவோம்.