விருந்தினராய் மலையேறுவோம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

வரும் விடுமுறையில் நம் காலனிக் குடும்பங்கள் ஒன்று சேர்ந்து மூணாற்றுக்கு இன்பச் செலவு மேற்கொள்வதென்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. அது குறித்துச் சில சொற்கள் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். எந்த விடுதி மலிவு, எந்த அருவி அழகு என்று கூறுவதற்கு என்னினும் தகுதியுடைய இளைஞர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். அவற்றை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். பிறர் குடியிருக்கும் இடத்துக்கு நாம் எங்ஙனம் செல்வது என்பதே என் பேச்சின் பொருள்.

இதைக் கற்றுக்கொள்ள நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. மட்டாஞ்சேரியில் வாழும் நாம் ஆண்டு முழுவதும் பிறரால் பார்க்கப்படுகிறவர்கள் அல்லவா? நம் கொச்சங்காடியில் 1344-ஆம் ஆண்டு எழுந்த யூதத் தொழுகைக் கூடம் இன்று இல்லை. அதன் கல்வெட்டு மட்டும், 1568-இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்துச் சுவரில் பதிந்திருக்கிறது. 1520-இல் எழுந்ததென்று சொல்லப்படும் செம்பிட்ட பள்ளியோ நம் தெருக்களுக்கிடையே இன்றும் தொழுகை நடக்கும் இடமாக விளங்குகிறது. இவற்றைக் காண வருவோரை நாம் நாள்தோறும் காண்கிறோம். காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, நின்று பார்த்துச் செல்வோர் உண்டு. சனிக்கிழமை யூதருக்கு ஓய்வு நாள் என்பதை அறியாமல் வந்து, கதவு அடைத்திருக்கிறதே என்று சினந்து திரும்புவோரும் உண்டு.

இன்னொன்றும் சொல்வேன். ஒல்லாந்தர் காலத்தில் படையினரின் உடை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் வழியினர் ஃபோர்ட் கொச்சித் துறையில் இன்றும் அத்தொழிலைச் செய்து வருகிறார்கள். அவர்கள் நம் மொழியினர். துவைகல்லின்முன் குனிந்து நிற்கும் ஒருவரை, ஒரு சொல்லும் கேளாமல், முகத்துக்கு நேரே புகைப்படக் கருவியை நீட்டிப் படம் பிடித்துப் போகிறவர்களைக் காணும்போது நமக்கு நெஞ்சு சுடுகிறது. அந்தச் சூட்டை நினைவில் வைத்துக்கொண்டு மூணாற்றுக்குப் புறப்படுவோம். ஏனெனில் அங்கே தேயிலைக் கூடையுடன் நிற்கப் போகிறவர்களும் தமிழர்களே. கருவியை நீட்டப் போகிறவர்கள் நாம்.

கொச்சியிலிருந்து மூணாறு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். கோதமங்கலம் கடந்து, 1935-இல் திறக்கப்பட்ட நேரியமங்கலம் பாலத்தைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்குகிறது. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடம் ஆதலால் அவ்வூர் மூணாறு ஆயிற்று. கூடிய நீர் முதிரப்புழையாய் இறங்கிப் பெரியாற்றில் கலக்கிறது. கொச்சி நகரின் குடிநீரில் பெரும்பகுதி ஆலுவாவில் அந்தப் பெரியாற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆகவே மூணாற்றுப் பாலத்தின் மீதிருந்து ஒரு குழந்தை எறியும் நெகிழி உறை எந்தத் திசையில் பயணம் செய்யும் என்பதை நம் பிள்ளைகளுக்கு வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுங்கள். ஆயிரம் அறிவுரை சொல்வதைவிட அது பயன் தரும்.

அந்த மலையில் தேயிலை வளர்த்தவர்கள் யார்? கங்காணிகளின் பின்னே நெல்லைச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் கால்நடையாக ஏறிச் சென்ற ஏழைக் குடும்பங்கள். அவர்கள் மக்களும் பேரமக்களும் இன்றும் 'லயம்' எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்கிறார்கள். 1924 வெள்ளத்தில், அதாவது மலையாளத்தார் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்று சொல்லும் அந்தப் பேரழிவில், குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிற்றிருப்புப் பாதை அழிந்தது. பிறகு அது மீண்டும் எழவேயில்லை. தேயிலையோ மீண்டது, அதே தொழிலாளர் கைகளால். 2015 செப்டம்பரில், போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்து, 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் ஆயிரக்கணக்கான பெண்கள் சாலையில் அமர்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கி வைத்துத் தாமே பேசித் தம் கோரிக்கைக்குச் செவிசாய்க்க வைத்தார்கள். நாம் படம் பிடிக்க விரும்பும் பெண் அத்தகையவள் என்பதை எண்ணிப் பாருங்கள். அவளுக்குப் பறித்த இலையின் எடைக்கேற்ப மிகை ஊதியம் உண்டு. நமக்காக அவள் கூடையைத் தூக்கிச் சிரித்து நிற்கும் நேரம், இலை பறிக்காத நேரம்.

மொழி ஒன்றாயிருப்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. வேற்று மொழியாரிடம் நாம் தானே அடங்கி நடக்கிறோம். தமிழ் கேட்டதும் 'நம்ம ஆள்தானே' என்று உரிமை பாராட்டத் தொடங்கிவிடுகிறோம். "என்ன சம்பளம் வாங்குறே?" என்று முன்பின் அறியாத ஒரு மூதாட்டியை ஒருமையில் கேட்கும் வழக்கம் இங்கிருந்தே பிறக்கிறது. 'அம்மா' என்றோ 'அக்கா' என்றோ அழையுங்கள். லயத்து முற்றம் அவர்களது வீட்டு முற்றம். அழைத்தாலன்றி அதில் கால் வைக்க வேண்டாம்.

இனி நான் சற்று விரிவாகப் பேச வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நம் பயண நிரலில் பெட்டிமுடியையும் சேர்க்கலாம் என்று அன்பர் சிலர் கருத்துத் தெரிவித்தார்கள். 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, கொட்டும் மழையில் மலை சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த லயங்களின் மேல் விழுந்தது. 70 உயிர்கள் மாண்டன; அவர்களுள் சிலரது உடல் கிடைக்கவேயில்லை. இறந்தவர்களுள் பலர் கயத்தாற்றுப் பகுதியைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தினர். ராஜமலையில் அவர்களை அடக்கம் செய்த இடம் இருக்கிறது. இவ்வளவும் அறிந்த பிறகு, 'பார்க்க வேண்டிய இடங்கள்' என்ற தலைப்பின்கீழ் அருவிக்கும் அணைக்கும் இடையே அதை எழுத எனக்குக் கை வரவில்லை. இழவு வீட்டுக்கு நாம் வேடிக்கை பார்க்கப் போவதில்லை. உறவு உடையவர்களோ, உள்ளன்போடு வணங்க நினைப்பவர்களோ நம்முள் இருப்பின், அவர்கள் நால்வர் ஐவராக, உரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, அடக்கம் செய்த இடத்துக்குச் சென்று மலர் வைத்து வரட்டும். பேருந்து அங்கே நிற்க வேண்டா என்பது என் துணிபு. செயற்குழு இதற்கு மாறாக முடிவு செய்யுமாயின் நான் என் இருக்கையை வேறொருவர்க்கு விட்டுக்கொடுப்பேன்.

பெட்டிமுடிக்கு அப்பால் காட்டினுள் இருக்கிறது இடமலைக்குடி. முதுவர் வாழும் அவ்வூர் 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைந்தது. வெளியார் இசைவின்றி அங்கே நுழையலாகாது. முதுவர்தம் மூதாதையர் மதுரையிலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களது மரபுச் செய்தி. அவர்கள் பேச்சும் தமிழோடு நெருங்கியது. ஆயினும் அந்த உறவு நமக்கு நுழைவுச் சீட்டு ஆகாது.

பருவத்தைப் பற்றி: இரவிகுளம் தேசியப் பூங்காவைக் காணாமல் மூணாற்றுப் பயணம் நிறைவு பெறாது. 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அக்காடு, ஏறக்குறைய 97 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 2,695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடி அதன் எல்லையில் நிற்கிறது. வரையாடுகளின் தாயகம் அது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான இவ்வரையாட்டையே சங்கப் புலவர்கள் 'வருடை' என்று குறித்தார்கள் என அறிஞர் பலர் கருதுவர். பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் அவை குட்டி ஈனும்; அக்காலத்தில் பூங்கா அடைக்கப்படும். ஆகவே ஏப்ரலுக்கு முன் போகலாமென்ற பேச்சை விட்டுவிடுவோம். சூன் முதல் ஆகஸ்டு வரை மழையும் மண்சரிவும் உள்ள காலம். குழந்தைகளுடன் செல்வதற்கு அது தகாது. ஏப்ரலில், சனி ஞாயிறு தவிர்த்த நாட்களில் செல்வதே நன்று. அவ்வரையாடுகள் மனிதரைக் கண்டு ஓடா, பக்கத்திலேயே மேயும். அதனாலேயே சிலர் கொம்பைப் பிடிக்கவும் தின்பண்டம் நீட்டவும் துணிகிறார்கள். அது சட்டப்படி குற்றம்.

நீலக்குறிஞ்சியைக் காண வேண்டும் என்று நம் மகளிர் பலர் கேட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் அம்மலர் அங்கே 2006-இலும் 2018-இலும் பூத்தது. 2018-இல் மலர்ந்த வேளையில் ஆகஸ்டுப் பெருவெள்ளம் வந்து பாதைகளைத் துண்டித்துவிட்டது; வருவோர் குறைந்த மலையில் குறிஞ்சி பூத்தது. அடுத்த பெரும் பூப்பு 2030-இல். அதுவரை பொறுத்திருப்போம். அப்போதும் ஒரு கொத்தும் பறிக்கலாகாது. பூத்து, விதை உதிர்த்து, மடிந்து, அவ்விதையிலிருந்தே மீண்டும் முளைக்கும் செடி அது.

யானையைப் பற்றியும் ஒரு சொல். மூணாற்றில் திரியும் ஒரு காட்டானைக்கு மக்கள் 'படையப்பா' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். பெயர் சூட்டியதால் அவன் வீட்டு யானை ஆகிவிடவில்லை. நாம் கொட்டும் காய்கறிக் கழிவைத் தின்னப் பழகிய யானை அவன். அவனைக் கண்டால் வண்டியை நிறுத்தி ஆரவாரம் செய்யாதிருங்கள். ஒலிப்பானையும் அழுத்த வேண்டா.

உணவு பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு போகும் கலையில் நம் தாய்மார்க்கு நிகர் யார்? அந்தப் பழைய வழக்கமே இன்றைய சட்டத்துக்கும் பொருந்தி வருகிறது. மலையிடங்களில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களை 2025 அக்டோபர் 2 முதல் தடை செய்து கேரள உயர் நீதிமன்றம் அவ்வாண்டு சூனில் ஆணையிட்டது. ஆதலின் எவர்சில்வர் தூக்கும் கூஜாவும் வாழையிலையும் போதும். மீந்த சோற்றைக் குரங்குக்கு வீசுவது புண்ணியம் என்று எண்ண வேண்டா. திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள். கடைப்பொருள் வாங்க விரும்புவோர், மறையூர் வெல்லமும் வட்டவடைப் பூண்டும் வாங்குங்கள். விளைவித்தவர் கைக்கே பணம் சேரும். தங்கும் விடுதியைப் பொறுத்தவரை, மலைச்சரிவை வெட்டி எழுப்பிய உயர்ந்த கட்டடம் வேண்டா. ஊருக்குள் உள்ள எளிய விடுதி போதும். சன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு தெரியாது என்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

இரண்டு இரவு, மூன்று பகல். முதல் நாள் பயணமும் ஓய்வும், இரண்டாம் நாள் இரவிகுளம், மூன்றாம் நாள் மறையூர் வழியே ஓர் உலா. இவ்வளவே நிரல். பூங்காவுக்கு முன்பதிவு செய்ய வேண்டியிருத்தலின், வருவோர் தம் பெயரையும் குழந்தைகளின் வயதையும் இம்மாத இறுதிக்குள் செயலாளரிடம் தர வேண்டுகிறேன். பெரிய பாத்திரங்கள் நம் சங்கத்திலேயே இருக்கின்றன. தண்ணீர்ப் பானைகள் இரண்டு மட்டும் குறைகின்றன. அவற்றைக் கொடுத்துதவ முன்வருவோர் கூட்டம் முடிந்ததும் என்னைக் காணலாம்.